என் அப்பாவின் ரயிலுக்கு நிக்கல் பூச வந்தவர்

ஐம்பதுகளில் எங்கள் ஓசூரில் ரயில் கிடையாது. அதற்கு முன் ஒரு சின்ன ரயில் இருந்தது. மொரப்பூரில் கிளம்பி, தர்மபுரி வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். யுத்த காலத்தில் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரயில் போயிற்று. அதில் பார்சல் குமாஸ்தாவாக இருந்த என் அப்பாவின் தோரணை மட்டும் போகவில்லை.

அவருக்குத் தானிய மண்டி ஒன்றில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. நல்ல வேலைதான். ஆனால் யாராவது என்ன உத்தியோகம் என்று கேட்டால் ரயில்வே என்பார். காப்பி வரத் தாமதமானால் வண்டி லேட்டா என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்பார். வீட்டுக்கு வரும் உறவினர்களிடம், தான் கையெழுத்துப் போடாமல் ஒரு மூட்டை புளி கூட இந்தத் தாலுகாவை விட்டு வெளியே போனதில்லை என்று சொல்வார். என் அம்மா கதவோரம் நின்று, எப்போதும் போல, முதல் தடவை கேட்பதாக முகத்தை வைத்துக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவளுடைய உத்தியோகம்.

தளி ரோட்டில் பங்களா வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சுதந்திரத்தோடு மூட்டை கட்டியபோது, வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். மற்றவர்கள் நாற்காலியும் பீரோவும் எடுத்தார்கள். என் அப்பா பொம்மை ரயில் எடுத்தார். பச்சை எஞ்சின், மூன்று பெட்டிகள், வட்டமாகச் சேர்த்து வைக்கத் துண்டு துண்டாகத் தண்டவாளம். சாவி கொடுத்தால் ஓடும். எஞ்சினின் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டத் தகடு. அதிலும், சக்கரங்களிலும், பக்கத்துக் கம்பிகளிலும் நிக்கல் பூச்சு கண்ணாடி போல இருந்தது. கூடத்தில் பெரிய பலகை போட்டு அதில் ரயிலைக் குடியேற்றினார். எங்களுக்கு உட்கார இருந்த ஒரே நல்ல இடம் அப்படிப் போயிற்று.

அந்தப் பளபளப்பு நிற்கவில்லை. நிற்க விட்டால்தானே. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா பித்தளைப் பாத்திரங்களைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துலக்குவாள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து அதே புளி, அதே செங்கல் பொடியால் எஞ்சினைத் துலக்குவார். குடத்துக்கு அது சரி. நிக்கல் என்பது மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தோல். சில வருடங்களில் தோல் உரிந்து, அடியில் இருந்த பித்தளை பல்லிளித்தது. இரும்புச் சக்கரங்களில் துரு ஏறியது. போதாக்குறைக்கு, சாவியை இறுக்கி இறுக்கி, சக்கரங்களைத் தாங்கும் அச்சும் தேய்ந்துவிட்டது. சாவி கொடுத்தால் எஞ்சினுக்குள் ஏதோ விர்ரென்று சுற்றும். சக்கரம் அசையாது. அப்பா வெள்ளைக்காரனைத் திட்டினார். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டானாம்.

என்னைப் பெண் பார்க்க வந்தது அந்தச் சமயத்தில்தான்.

அவர்கள் நாகரசம்பட்டிக்காரர்கள். கொஞ்சம் நிலம், கொஞ்சம் மாந்தோப்பு. பிள்ளை பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் உலோகப் பூச்சுப் பகுதியில் வேலை செய்தார். தரகர் அவரை ஃபோர்மேன் என்றார். பிள்ளையின் அம்மா ஒருபடி மேலே போய், தன் மகன் ஒரு நாள் லீவு போட்டால் ஃபேக்டரியே நின்றுவிடும் என்றாள். அந்தப் பிள்ளையாவது வெட்கப்பட்டாரா என்றால், இல்லை. தலைக்கு வாசனை எண்ணெய் தடவி நடுவகிடு எடுத்து, பாத், கரண்ட், ஆம்பியர் என்று வாய் ஓயாமல் பேசினார். தங்கள் பகுதிக்கு வந்த வெளிநாட்டு எஞ்சினியர் தன் கையைக் குலுக்கிவிட்டுப் போனதை என் காதில் விழுகிற மாதிரி இரண்டு தடவை சொன்னார். நான் சுவருக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நான் காப்பித் தட்டோடு வந்து நின்றதும், அவருடைய அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். லட்சணம் பரவாயில்லை, நிறம்தான் கொஞ்சம் மட்டு என்றாள். சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவள் கூட அதைக் காய்க்காரியின் முகத்துக்கு நேராகச் சொல்லத் தயங்குவாள்.

எனக்கு அப்போது ஒரே ஒரு பயம்தான் இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வாயால் வாழும் ஓர் ஆளுக்குப் பெண்டாட்டியாகி, அவர் பேசுவதற்கெல்லாம் ஆமாம் போட்டு, அவர் செய்த தப்புக்கெல்லாம் நான் பழி சுமந்து, கதவோரம் நின்றே கிழவியாகிவிடுவேனோ என்ற பயம். அப்படி ஒரு வாழ்க்கையை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் தட்டு உடைந்தால் அம்மா தப்பு, மழை வந்தால் அம்மா தப்பு, மண்டியில் கணக்கு உதைத்தால் கூடக் காலையில் அம்மா எதிரே வந்தது தப்பு. வந்திருந்த ஆள் பேசிய பேச்சைக் கேட்டதும், இன்னொரு அப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

என் அப்பாவுக்கு வேறு கவலை. தன்னைவிட அதிகமாகப் பீற்றிக்கொள்ளும் ஓர் ஆளை அவர் அதுவரை சந்தித்ததில்லை. பலகையிலிருந்து எஞ்சினை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளையின் மடியில் வைத்தார். இதைப் பழையபடி ஆக்க முடியுமா என்றார்.

அவர் எஞ்சினைத் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தை ஆட்டினார். இதெல்லாம் எங்களுக்கு விளையாட்டு, கொடுத்தனுப்புங்கள், புதுசாக்கித் தருகிறேன் என்றார்.

கொடுத்தனுப்புவதா? என் அப்பா என்னைக் கொடுத்தனுப்பினாலும் அனுப்புவார், எஞ்சினை அனுப்பமாட்டார். ஃபேக்டரியில் யார் யாரோ செய்து கொடுத்துவிட்டால் ஆளுடைய யோக்கியதை எப்படித் தெரியும்? எங்கள் வீட்டிலேயே, தன் கண் முன்னாலேயே செய்ய வேண்டும். செய்து காட்டினால் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். பிள்ளையின் அம்மா இதென்ன புதுப் பழக்கம் என்று முணுமுணுத்தாள். பிள்ளையோ சந்தோஷமாகத் தலையாட்டினார். ஒரு கூட்டம் உட்கார்ந்து பார்க்க, தன் வித்தையைக் காட்டுவதை விட அவருக்கு வேறென்ன வேண்டும்? என்னை யாரும் கேட்கவில்லை. என் கல்யாணம் ஒரு பொம்மை எஞ்சினின் சக்கரத்தில் போய் மாட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்துவிடுவார். கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கடை விரிப்பார். ஒரு ஊறுகாய் ஜாடியில் பச்சைத் தண்ணீர், இன்னொன்றில் நீலத் தண்ணீர். பச்சை, பெங்களூரிலிருந்து வந்த நிக்கல் உப்பு. நீலம், எல்லாருக்கும் தெரிந்த மயில்துத்தம். ஜாடிகள் இரண்டும் அம்மாவுடையவை. அந்த வருடம் எங்கள் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் போடவில்லை.

மின்சாரத்துக்கு, இரண்டு வீடு தள்ளி இருந்த லாரிக்கார பாயிடம் அப்பா பேட்டரி இரவல் வாங்கினார். பாயின் லாரி ஒன்று என்னவோ பழுதாகி நின்றிருந்தது. பேட்டரியை அவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தல் போடக் கேப்பாங்க, பாத்திரம் கேப்பாங்க, பேட்டரி கேட்டவரு நீங்க ஒருத்தர்தான் என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தத் தெருவிலேயே புத்தியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

பச்சைத் தண்ணீரைப் பற்றி ஒரு கதை உண்டு. அதைப் பிள்ளை சொல்லாத நாள் கிடையாது. நம் பக்கம் அப்போது மதுவிலக்கு. மைசூர் ராஜ்யத்திலிருந்து வரும் பஸ்ஸை எல்லையில் அத்திப்பள்ளி தாண்டியதும் நிறுத்தி, மூட்டை முடிச்செல்லாம் சோதிப்பார்கள். இவர் பையில் ஒரு சீசா நிறையப் பச்சைத் தண்ணீர். போலீஸ்காரர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாராம். இது என்ன சரக்கு என்றாராம். வேறு ஆளாக இருந்தால் மருந்து என்று சொல்லிவிட்டு வந்திருப்பான். இவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, நிக்கல் என்றால் என்ன, அது கரண்டில் எப்படிக் கரைந்து எப்படி ஒட்டுகிறது என்று பாடமே நடத்தியிருக்கிறார். கடைசியில் போலீஸ்காரரே போய்யா போ என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டாராம். பஸ்ஸில் காத்திருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கு ஊகிக்க முடிந்தது.

அடுப்படி ஜன்னல் வழியாக எனக்குக் கொல்லை தெரியும். அவர் பேசுவது எல்லாம் அப்பாவிடம், ஆனால் குரல் ஜன்னலைப் பார்த்துத்தான் வரும். சாமானை ஒரு கம்பியில் கட்டி ஜாடிக்குள் தொங்கவிடுவார். எதிரே நிக்கல் தகடு. பேட்டரியின் ஓர் அறையில் மட்டும் கம்பியை மாட்டுவார். முழு பேட்டரியையும் மாட்டினால் பூச்சு கருகிவிடுமாம். தேய்ந்த அச்சுக்கு முதலில் மெல்லிசாக நிக்கல், அதன் மேல் நீலத் தண்ணீரில் கனமாகச் செம்பு, மறுபடி நிக்கல். இப்படி ஏற்றி ஏற்றித் தேய்ந்த கனத்தை மீட்டுவிடலாம் என்றார். என் அப்பா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ரயில்வேயில் இதையெல்லாம் தான் அப்போதே பார்த்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பார்சல் ஆபீசில் எதற்கு நிக்கல் பூசினார்கள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். சாமான் தண்ணீருக்குள் இறங்கும் வரைதான் அவருக்கு வாய். இறங்கிவிட்டால் பேச்சு நின்றுவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தபடி இருப்பார். அப்பா கேட்பது காதில் விழாது. அதையும் நான் அலட்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு இரக்கம் கொஞ்சம் குறைவு. இப்போதும் அதிகமில்லை.

பூசுவதற்கு முன்னால் செய்யும் சுத்தத்தைத்தான் அவர் பெரிதாகச் சொல்வார். சலவை சோடாவில் கொதிக்கவைத்து, சுண்ணாம்பைக் குழைத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். தண்ணீர் எங்கும் விலகாமல் ஒரே படலமாக நின்றால்தான் சுத்தம். அதற்குப் பிறகு விரல் படக் கூடாது. விரலில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு போதும், பூச்சு அந்த இடத்தில் பிடிக்காது, இன்றைக்குப் பளபளக்கும், நாளைக்கு உரியும். இதை அப்பாவிடம் சொன்னார், அம்மாவிடம் சொன்னார், ஜன்னலுக்கும் சொன்னார்.

அச்சு சரியாக வந்தது. சக்கரம் கையோடு வராமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சாவி கொடுத்ததும் எஞ்சின் பலகையில் சுற்றிவந்தது. என் அப்பா எழுந்து நின்றுவிட்டார். ரயில் ஓடும்போதெல்லாம் அப்பா காட்டச் சொல்லும் பச்சைத் துணியை அம்மா வழக்கம் போலக் கொடியாகக் காட்டினாள். இனி பாக்கி இருந்தது பளபளப்பு மட்டும்தான்.

சக்கரங்களையும் முகத்துத் தகட்டையும் கழற்றிச் சுத்தம் செய்த ஞாயிற்றுக்கிழமை, நவராத்திரியில் அஷ்டமியாக அமைந்துவிட்டது. அவர் தேய்த்து முடித்து ஜாடியில் இறக்கப் போனார். அப்பா தடுத்துவிட்டார். அஷ்டமியில் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா? விஜயதசமிக்குச் செய்யலாம் என்றார். ஒரு மணி நேர வேலைதான் என்று அவர் சொல்லிப் பார்த்தார். வருங்கால மாமனாரிடம் எவ்வளவுதான் வாதாட முடியும்? சாமான்களை ஒரு தாம்பாளத்தில் பரப்பி, மேலே வெள்ளைத் துணி போர்த்தி, யாரும் தொட வேண்டாம் என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஆயுத பூஜைக்கு அவர் ஃபேக்டரியில் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் ஒரு சாமானும் தப்ப முடியாது. அரிவாள்மனை, உலக்கை, தராசு, கத்தரிக்கோல், சைக்கிள், என் தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தாக வேண்டும். பொட்டு வைக்காமல் ஓர் ஆயுதத்தை விட்டால் அந்த வருடம் அதற்கு ஆகாது. அம்மா ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்து, தாம்பாளத்தின் முன் நின்றாள். துணியை விலக்கினாள்.

அவர் தொடக் கூடாது என்று சொன்னாரே என்றேன்.

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அழுக்குக் கை படக் கூடாதுன்னு சொன்னாரு. சாமிக்கு வெக்கிற சந்தனம் அழுக்காடி? உன் கல்யாணமே இதுமேலதான் நிக்குது. இதுக்குப் பொட்டு வெக்காம உடச் சொல்றியா?"

அப்பாவும் பக்கத்திலேயே இருந்தார். வெச்சுடு, வெச்சுடு, முக்கியமா எஞ்சின் மூஞ்சிக்கு வெய் என்றார். அம்மா மோதிர விரலால் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். முகத்துத் தகட்டின் நடுவில் பெரிதாக ஒன்று. அப்பா கற்பூரத்தைச் சுற்றிக் காட்டினார். தாம்பாளத்துக்கு இன்னொரு சுற்று அதிகமாகவே காட்டினார்.

மறுநாள் விடிந்ததும் அம்மா தாம்பாளத்தில் இருந்த பொட்டுகளை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, முந்தானையால் துடைத்து, வெள்ளைத் துணியைப் பழையபடி போர்த்தி வைத்தாள். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவள் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. சந்தனமும் வைத்தாயிற்று, சுத்தமாகவும் இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

பிள்ளை வந்த பஸ் அன்றைக்குச் சோதனையில் நின்று தாமதமாகிவிட்டது. வாசலுக்கு வந்தபோது எமகண்டம் பிறக்கப் போகிறது என்று அப்பா குதித்துக்கொண்டிருந்தார். அவர் சுண்ணாம்பைக் குழைக்கப் போனார். எதற்கு என்றார் அப்பா. இடையில் ஒரு நாள் போயிருக்கிறது, இன்னொரு தரம் தேய்த்துவிடுகிறேன் என்றார் அவர். அன்றைக்கே மணிக்கணக்காகத் தேய்த்தாயிற்று, துணி போர்த்தி வைத்தது வைத்தபடி இருக்கிறது, நேரம் போனால் வராது என்று அப்பா விரட்டினார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். ஆனால் என் அப்பா விரட்டும்போது குறுக்கே பேசும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

சாமான்கள் ஜாடிக்குள் இறங்கின. வெளியே வந்தபோது முகம் பார்க்கலாம் போல மின்னின. எஞ்சினைப் பூட்டி ஓடவிட்டார்கள். அப்பா அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். தீபாவளி கழிந்து தாம்பூலம் மாற்ற நாள் குறித்தார்கள். நான் போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டேன். எதையோ தைத்துப் பிரித்தது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு அப்பா செய்ததைச் சொல்ல வேண்டியதில்லை. புளியைத்தான் விட்டார், துணியை விடவில்லை. நாள் தவறாமல் துடைத்தார். தீபாவளிக்கு முன்பே எஞ்சின் முகத்தில் கொப்புளம் போல எழும்பி, துடைத்த துணியோடு நிக்கல் உரிந்து வந்துவிட்டது. பிறகு சக்கரங்களில். மற்ற இடமெல்லாம் பளபளப்பு அப்படியே இருக்க, நடுவில் மட்டும் வட்டம் வட்டமாக. நான் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சக்கரத்திலும் அம்மாவின் மோதிர விரல் பட்ட அதே இடம், அதே அகலம். அம்மாவும் பார்த்தாள். பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

அப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை. அவரே நின்று பொட்டு வைக்கச் சொன்னார், அவரே கற்பூரம் காட்டினார். ஆனாலும் தெரியவில்லை. தான் செய்தது எதுவும் தப்பாகப் போகலாம் என்ற எண்ணமே அந்த மனிதருக்குத் தோன்றாது. நான் சொல்லப் போனபோது, அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சந்தனம் என்று தெரிந்தால் அது அவள் வைத்த சந்தனமாகத்தான் இருக்கும். சாகிறவரை சொல்லிக் காட்டுவார். எனக்கு அது நன்றாகத் தெரியும், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

தாம்பூலம் மாற்றும் நாளில் அவர்கள் பழத் தட்டும் பூவுமாக வந்து உட்கார்ந்தார்கள். உறவினர்களும் வந்திருந்தார்கள். என் அப்பா இந்தச் சபைக்காகத்தான் காத்திருந்தார். தட்டைத் தொடவில்லை. மடியிலிருந்து எஞ்சினை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். ஃபோர்மேன் பூசிய லட்சணத்தைப் பாருங்கள், ஒரு மாதம் நிற்கவில்லை, இந்தக் கையை நம்பிப் பெண் கொடுக்கச் சொல்கிறீர்களா என்றார். பூச்சும் பொய், உத்தியோகமும் பொய் என்றார். எஞ்சின் பிள்ளை சரிசெய்த அச்சில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. முகத்தில் ஒரு வட்டம் உரிந்ததுதான் எல்லார் கண்ணிலும் பட்டது. என் நிறத்தைக் குறை சொன்ன பிள்ளையின் அம்மா இப்போது முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளை எஞ்சினை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உரிந்த இடத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். நகத்தில் லேசாகச் சிவப்பு ஒட்டியது. சக்கரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி வட்டம். பிறகு தலையைத் தூக்கினார். எதிரே சுவரோரம் என் தையல் மெஷின் இருந்தது. அதில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாமல் அப்படியே இருந்தன. அதைப் பார்த்தார். அடுப்படிக் கதவைப் பார்த்தார். அங்கே என் அம்மா தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பார்வை பட்டதும் அவள் மோதிர விரலை மடக்கித் தட்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. போலீஸ்காரருக்கே பாடம் நடத்திய வாய். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் திரும்பக் கிடைக்கும், சபையே அவர் பக்கம் திரும்பும். இதோ வரப்போகிறது என்று நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாங்க," என்றார். "நான்தான் சரியா தேய்க்கல. என் தப்புதான்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பார்த்தீர்களா, அவர் வாயாலேயே வந்துவிட்டது என்றார். பழத் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றார். பிள்ளையின் அம்மா எழுந்தாள். அவரும் எஞ்சினை மெதுவாகப் பலகையில் வைத்துவிட்டு எழுந்தார்.

நான் கூடத்துக்கு வந்துவிட்டேன். கூப்பிடாமல் பெண் சபைக்கு வருவது அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் நடக்காத காரியம். உறவினர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்றிருந்தது.

"நைனா, நான் இவரத்தான் கட்டிக்குவன்," என்றேன்.

அப்பாவுக்கு முதலில் கோபம் கூட வரவில்லை. அவ்வளவு ஆச்சரியம். "தப்பு பண்ணன்னு அவனே ஒத்துக்கினான். அவனையா?"

"ஆமா. இந்த வீட்ல யாரும் அத சொல்லி நான் கேட்டதில்ல."

அப்பா துண்டை மறுபடி உதறுவதற்குள், அம்மா என்னைத் தாண்டிப் போய், கையிலிருந்த தாம்பூலத் தட்டைப் பிள்ளையின் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

கல்யாணம் நடந்தது. என் அப்பா என்னுடன் பேச அடுத்த மாம்பழக் காலம் வரை ஆயிற்று. என் வீட்டுக்காரர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கை குலுக்கிய எஞ்சினியர் கதையைப் பேரப்பிள்ளைகள் வரை எல்லாரும் கேட்டாயிற்று. பச்சைச் சீசாக் கதையில் போலீஸ்காரர்கள் வருடத்துக்கு வருடம் பெருகினார்கள். தரகர் சொன்ன ஃபோர்மேன் வேலையும் உண்மையில் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. நான் இத்தனையையும் கேட்டேன், ஆனால் கதவோரம் நின்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பொய் வரும் இடத்தில் பொய் என்று சொல்லிக்கொண்டுதான் கேட்டேன்.

ஆனால் அந்தச் சந்தனத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. என்னிடம் கூட. எஞ்சினின் முகத்தைப் பார்த்து யாராவது கேட்டால், அது நான் சரியாகத் தேய்க்காதது என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அவருக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆயுத பூஜைக்கு நாங்கள் ஓசூர் போகும்போதெல்லாம் அவருடைய ஸ்பேனர்களும் பிரஷ்களும் பூஜையில் இருக்கும். அரிவாள்மனைக்கும் உலக்கைக்கும் தராசுக்கும் வேகமாகப் பொட்டு வைத்துக்கொண்டே வரும் அம்மா, அவருடைய சாமான்களிடம் வந்ததும் நிறுத்திவிடுவாள். சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு வெக்கலாங்களா மாப்ள?" என்று கேட்பாள்.

"வைங்க அத்தை," என்பார் அவர்.